பதினான்கு நாளில் எத்தனை தீவு?

பல்கலைக்கழகத்தில் தேர்வு நெருங்கும்போதெல்லாம் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஓர் அட்டவணை சுற்றத் தொடங்கும். படிப்பு அட்டவணை அல்ல, பயண அட்டவணை. இடப்பக்கம் தேதி, அடுத்துத் தீவின் பெயர், அதற்கடுத்து விடுதி, கடைசியில் எத்தனை வெள்ளி. இரண்டு வாரம், ஒரு வெப்பமண்டல நாடு, முடிந்தவரை அதிகத் தீவுகள். தாய்லாந்து, பிலிப்பீன்ஸ், இந்தோனீசியா என்று நாடு மாறுமே தவிர, அட்டவணையின் உருவம் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் இதை 'ஐலண்ட் ஹாப்பிங்' என்பார்கள். நம்மூர்ப் பாண்டி விளையாட்டில் கட்டத்துக்குக் கட்டம் நொண்டியடித்துப் போவோமே, அதுதான்.

நாங்கள் நால்வர், எல்லாரும் பெண்கள். ஒரு தோழி தயாரித்த முதல் அட்டவணையில் 14 நாளுக்கு 9 தீவுகள் இருந்தன. மாதம் டிசம்பர். அதை நான் எதிர்த்தேன். ஏன் எதிர்த்தேன் என்பதை இங்கே எழுதக் காரணம், இதே மாதிரி அட்டவணையோடு இந்த நேரத்தில் இன்னும் பல குழுக்கள் உட்கார்ந்திருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் கணக்கு. ஒன்பது தீவு என்றால் எட்டு முறை கடலைத் தாண்ட வேண்டும். விடுதி அறையைக் காலை 11 மணிக்குக் காலி செய்யவேண்டும். அடுத்த விடுதி பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் சாவி தரும். நடுவில் பையைச் சுமந்துகொண்டு படகுத்துறைக்குப் போய், படகு நிரம்பும்வரை காத்திருந்து, மறுகரையில் இறங்கி, விடுதி எங்கே என்று தேட வேண்டும். ஒவ்வொரு தாண்டலும் அரை நாளைத் தின்றுவிடும். எட்டு அரை நாள் நான்கு நாள். போகவும் வரவும் இரண்டு நாள். மிச்சம் எட்டு நாளில் ஒன்பது தீவு. தீவுக்கு ஒரு முழு நாள்கூட இல்லை. இதைச் சொன்னபோது தோழி, "சில தீவுகளில் இரண்டு மணி நேரம் போதும்," என்றாள். இரண்டு மணி நேரத்தில் பார்ப்பதற்கு ஒரு கடற்கரை, ஓர் ஊஞ்சல், அதில் உட்கார்ந்து படம் எடுக்க ஒரு வரிசை. வரிசையில் நிற்பதற்கு நாம் சிங்கப்பூரைவிட்டு வெளியே போகவேண்டியதில்லை.

ஏழாம் நூற்றாண்டில் சீனப் பயணி யிஜிங் இந்தியாவுக்குப் போகும் வழியில் ஸ்ரீவிஜயத்தில் இறங்கினார். அங்கே ஆறு மாதம் தங்கிச் சமஸ்கிருத இலக்கணம் படித்துவிட்டுத்தான் மேலே கிளம்பினார். ஆறு மாதம் நமக்குக் கட்டுப்படியாகாது. மூன்று இரவாவது தங்கலாமே என்பதுதான் என் வாதம்.

இனி மாதத்துக்கு வருவோம். ரூப்பியா என்ன விலை என்று விசாரிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டில் ஒரு நாணயமாற்றுக் கடைக்குப் போயிருந்தோம். ஞாயிறு மாலை லிட்டில் இந்தியா எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நடைபாதையில் நடப்பதே தனித் திறமை. வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற ஊழியர் நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நாகப்பட்டினம் பக்கம் சொந்த ஊர், அப்பா மீன்பிடிப்பவர் என்றார்.

"தீவுக்கா போறீங்க? எந்த மாசம்மா?"

"டிசம்பர்ண்ணே."

"வாடைக்காத்துலயா?" என்றார். "எங்க ஊர்ல காத்து கடுமையா இருந்தா சின்னப் படகையெல்லாம் கரையேத்தி வச்சிருவாங்க. சீசன்ல போங்கம்மா."

வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கு ஒரு பெயர் வைத்துக் காற்றைப் பிரித்த மொழி நம்முடையது. நாமோ உயர்நிலைப் பள்ளிப் புவியியலில் வடகிழக்குப் பருவக்காற்று, தென்மேற்குப் பருவக்காற்று என்று படம் வரைந்து அம்புக்குறி போட்டு மதிப்பெண் வாங்கிவிட்டு, பயணத்துக்கு நாள் குறிக்கும்போது அந்தப் படத்தை எடுத்துப் பார்ப்பதே இல்லை.

அந்தப் படம் சொல்வது இதுதான். வடகிழக்குக் காற்று தென்சீனக் கடலைத் தாண்டி ஈரத்தோடு வந்து மலேசியாவின் கிழக்குக் கரையில் மோதுகிறது. அதனால் தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளில் ஏறக்குறைய நவம்பர் முதல் பிப்ரவரிவரை பெரும்பாலான விடுதிகள் மூடிக்கிடக்கும். நம் பள்ளிகளின் நீண்ட விடுமுறை சரியாக அப்போதுதான் வருகிறது! தாய்லாந்துக்கு இரண்டு கரை. வளைகுடாப் பக்கம் உள்ள கோ சமுயியில் அக்டோபர் முதல் டிசம்பர்வரை பெருமழை. அதே நேரத்தில் அந்தமான் கடல் பக்கம் உள்ள புக்கெட்டிலும் கிராபியிலும் வானம் வெளுக்கத் தொடங்கிவிடும். மே மாதம் வந்தால் நிலைமை தலைகீழ். தென்மேற்குக் காற்று அந்தமான் கடலைக் கலக்கும். பாலி, லொம்போக், ஃபுளோரஸ் பக்கம் அப்போது வறண்ட பருவம், நல்ல நேரம். பல்கலைக்கழக மாணவர்களுக்கு மே முதல் ஜூலைவரை நீண்ட விடுமுறை. புக்கெட் விடுதிகள் விலையைக் குறைத்து நம்மைக் கூப்பிடுவதும் அதே மாதங்களில்தான்.

விலை குறைவதற்குக் காரணம் இருக்கிறது. 2018 ஜூலை 5ஆம் தேதி புக்கெட் அருகே 'ஃபீனிக்ஸ்' என்ற சுற்றுலாப் படகு கொந்தளித்த கடலில் கவிழ்ந்து மூழ்கியது. 47 பேர் இறந்தார்கள். அனைவரும் சீனாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள். வானிலை எச்சரிக்கை முன்பே விடுக்கப்பட்டிருந்தது. கரையில் நிற்கும்போது வெயில் அடித்தால் நாம் எச்சரிக்கையை நம்புவதில்லை. முன்பணம் கட்டியாகிவிட்டது, நாளைக்கு அடுத்த தீவில் அறை பதிவாகியிருக்கிறது என்றால் நம்புவது இன்னும் கடினம். நெருக்கமான அட்டவணையில் எனக்கு உண்மையாகவே பயம் இதுதான். 'இன்று வேண்டாம்' என்று படகோட்டி சொன்னால், 'சரி' என்று சொல்ல நம்மிடம் ஒரு நாள் மிச்சம் இருக்கவேண்டும். ஒன்பது தீவுத் திட்டத்தில் அந்த ஒரு நாள் இல்லை.

காற்று மட்டுமல்ல. 2024 நவம்பரில் ஃபுளோரஸ் தீவின் லெவோதோபி எரிமலை சாம்பலைக் கக்கியதால் பாலிக்குப் போகவேண்டிய விமானங்கள் பல ரத்தாயின. எரிமலைக்கு நம் தேர்வு அட்டவணை தெரியாது.

அடுத்த விஷயம் எங்கள் குழுவில் கொஞ்சம் சண்டையைக் கிளப்பியது. நாம் போவதால் தீவுக்கு என்ன ஆகிறது என்ற கேள்வி. "நாம நாலு பேர் போறதால என்னடி ஆயிடும்?" என்று கேட்டாள் ஒருத்தி. தாய்லாந்தின் மாயா விரிகுடாவுக்குப் போனவர்களும் நாலு நாலு பேராகத்தான் போயிருப்பார்கள். லியனார்டோ டிகாப்ரியோ நடித்த 'தி பீச்' படம் 2000இல் வெளிவந்த பிறகு அந்தச் சின்னக் கடற்கரைக்குத் தினமும் ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்தது. படகுகளின் நங்கூரம் பட்டுப் பவளப்பாறைகள் நொறுங்கின. 2018 ஜூனில் மூடினார்கள். 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இப்போது படகுகள் விரிகுடாவுக்குள் நுழையக்கூடாது, தீவின் பின்பக்கம் இறங்கி நடந்து வரவேண்டும். மனிதர்கள் இல்லாத அந்த நாள்களில் துடுப்பு நுனி கறுத்த சிறு சுறாக்கள் விரிகுடாவுக்குத் திரும்பி வந்தன. பிலிப்பீன்சின் போராக்காய் தீவில் விடுதிகளின் கழிவுநீர் நேராகக் கடலுக்குள் போனது. 2018 ஏப்ரல் 26 முதல் ஆறு மாதம் தீவையே சுற்றுப்பயணிகளுக்கு மூடினார்கள். மூடிய ஆறு மாதமும் அங்கே வேலை செய்தவர்களுக்கு வருமானம் இல்லை என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்கவேண்டும்.

தண்ணீர் இன்னொன்று. சிறிய மணல் தீவில் ஆறு இருக்காது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய அடுக்காக மிதக்கும். உப்புநீரைவிட நன்னீர் எடை குறைந்தது என்பதால் அது மேலேயே நிற்கிறது. கிணறு தோண்டி அளவாக இறைத்தால் ஊருக்குப் போதும். நீச்சல்குளத்துக்கும் நாள் முழுக்கக் குளியலுக்கும் மோட்டார் வைத்து உறிஞ்சினால் கீழிருக்கும் உப்பு மேலேறி, ஊர்க்காரர் கிணறு கரித்துப்போகும். சிங்கப்பூரில் நமக்கு ஜோகூர்த் தண்ணீர், நியூவாட்டர், கடல்நீர்ச் சுத்திகரிப்பு என்று தொடக்கப்பள்ளியிலிருந்தே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். விடுமுறையில் மட்டும் அந்தப் பாடத்துக்கும் விடுமுறை கொடுத்துவிடுகிறோம்.

குப்பையைப் பற்றிப் பேசியபோது எங்கள் மலாய்த் தோழி அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னாள். அவளுடைய தாத்தா புலாவ் செமக்காவில் பிறந்தவர். ஆம், நம் குப்பைச் சாம்பல் போகும் அதே செமக்காவ். அங்கே மீனவர் கிராமம் இருந்தது. மக்களைப் பெருந்தீவுக்குக் குடியேற்றிய பிறகு, 1999இல் அங்கே நிரப்புநிலம் திறக்கப்பட்டது. நாம் எரிக்கும் குப்பையின் சாம்பலெல்லாம் படகில் அங்கேதான் போகிறது. 2035 வாக்கில் அதுவும் நிரம்பிவிடும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒரு தீவைத் தன் குப்பைக்கென ஒதுக்கிய ஊர்க்காரர்கள் நாம். இன்னொருவர் தீவில் போய், "எவ்வளவு பிளாஸ்டிக் பார்" என்று மூக்கைச் சுளிக்கிறோம். அந்தத் தீவில் எரிஆலையும் இல்லை, சாம்பலைக் கொண்டுபோய்க் கொட்ட இன்னொரு தீவும் இல்லை. நாம் குடித்துப் போட்ட புட்டி அங்கேயேதான் கிடக்கும்.

அப்படியானால் எங்கேயும் போகாமல் வீட்டிலேயே இருப்பதா? அதுவல்ல நான் சொல்வது. எங்கள் அட்டவணை இப்போது வேறு மாதிரி இருக்கிறது. மாதம் மே. நாடு இந்தோனீசியா. தொடங்கும் இடம் தானா மேரா படகு முனையம்.

சாங்கி விமான நிலையத்துக்கு அவ்வளவு பக்கத்திலிருக்கும் அந்தப் படகு முனையத்திலிருந்து சுமார் இரண்டு மணி நேரத்தில் பிந்தான் தீவின் தஞ்சோங் பினாங். இறங்கியதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளவேண்டும். பிந்தான் என்றால் நமக்கு வடகரையின் சொகுசு விடுதிகள்தான் நினைவுக்கு வரும். தஞ்சோங் பினாங் வேறு உலகம். அங்கிருந்து மோட்டார் வைத்த மரப்படகில் கால் மணி நேரம் போனால் பெனியெங்காட் என்ற குட்டித் தீவு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுல்தான் மஹ்மூத் தம் மனைவி ராஜா ஹமிதாவுக்குத் திருமணப் பரிசாகக் கொடுத்த தீவு அது. 1832இல் கட்டிய மஞ்சள் நிறப் பள்ளிவாசல் இருக்கிறது. சுண்ணாம்புச் சாந்தில் முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து கட்டினார்கள் என்று ஊரில் சொல்வார்கள்.

அங்கேதான் ராஜா அலி ஹாஜி என்ற புலவரின் கல்லறையும் இருக்கிறது. 1847இல் அவர் இயற்றிய அறநூலின் பெயர் 'குரிந்தாம் துவா பெலாஸ்', பன்னிரண்டு குரிந்தாம்கள். குரிந்தாம் என்பது இரண்டிரண்டு அடியாக அறம் சொல்லும் செய்யுள் வகை. அந்தச் சொல்லே தமிழ் வழியாக மலாய்க்கு வந்தது என்று மலாய் இலக்கியப் பாடநூல்கள் சொல்கின்றன. இரண்டடியில் அறம் என்றதும் நமக்கு யார் நினைவுக்கு வருவார் என்று நான் எழுதவேண்டியதில்லை. தாய்மொழி வகுப்பில் நானும் மலாய்த் தோழியும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் பத்தாண்டு உட்கார்ந்திருக்கிறோம். இதை இரண்டு அறையிலும் யாரும் சொல்லவில்லை.

பெனியெங்காட்டிலிருந்து தெற்கே லிங்கா. போகும் வழியிலேயே பூமத்திய ரேகையைத் தாண்டிவிடுவோம். பெயரைக் கேட்டதும் அம்மா, "கோயில் இருக்கா?" என்று கேட்டார். கோயில் பற்றித் தெரியாது, மூன்று கொம்பாக உச்சி பிளந்த மலை இருக்கிறது. மலாய்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் மனப்பாடமான ஒரு பந்துன் அந்த மலையைப் பற்றியது. இந்தத் தீவின் டாயிக் நகரம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஜோகூர்-ரியாவ் சுல்தான்களின் தலைநகராக இருந்தது. உயர்நிலை ஒன்றில் வரலாறு படித்தவர்களுக்கு 1819 நினைவிருக்கும். அண்ணன் ஹுசேனைச் சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் சுல்தானாக்கினார். தம்பி அப்துல் ரஹ்மானை டச்சுக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அவர் இருந்தது லிங்காவில். 1824இல் லண்டனில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஓர் ஒப்பந்தம் போட்டுக் கடலின் நடுவே பிரித்துக்கொண்டார்கள். அதற்குமுன் நம் தீவும் லிங்காவும் ஒரே அரசு. ஒப்பந்தத்துக்குப் பிறகு அது வெளிநாடு, நாம் கடப்பிதழ் காட்டிப் போகிறோம். நாம் தினமும் காலையில் பாடும் நாட்டுப் பண் மலாயில் இருக்கிறது. அந்த மலாய் வளர்ந்த கரை இதுதான்.

பதினான்கு நாளில் லிங்காவுக்கு மட்டும் நான்கு இரவு ஒதுக்கியிருக்கிறோம். அங்கே என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டால் பெரிய பட்டியல் இல்லை. ஜவ்வரிசி எடுக்கும் சேகோ மரங்கள், பழைய அரண்மனையின் அடித்தளம், மலை, மழை. அதில் ஒரு நாள் முழுக்க வெற்றாக விடப்பட்டிருக்கிறது. படகு வராவிட்டால் அது படகுக்கு. வந்தால் எங்களுக்கு.

லிங்காவிலிருந்து தெற்கே பாங்காவுக்கு நம்பிப் போகக்கூடிய நேரடிப் படகு எங்களுக்குக் கிடைக்கவில்லை. வரைபடத்தில் பக்கத்தில் தெரிவதெல்லாம் கடலில் பக்கம் ஆகாது. திரும்பி பாத்தாம் வந்து ஓர் இரவு தங்கி, அங்கிருந்து விமானம். பாங்காவில் இரண்டு இரவு. 686ஆம் ஆண்டுக் கோத்தா கப்பூர் கல்வெட்டு கிடைத்த தீவு அது. மொழி பழைய மலாய், எழுத்து பல்லவர் எழுத்து! ராஜேந்திர சோழன் படையெடுத்து வந்ததை மட்டுமே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதற்கு முந்நூறு ஆண்டுக்கு மேல் முன்னாலேயே தென்னாட்டு எழுத்து இங்கே வந்து வேறொரு மொழிக்கு உடையாகிவிட்டது. அந்த வருகை எனக்கு இன்னும் பிடிக்கிறது. ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும்: பாங்காவின் கடல் எல்லா இடத்திலும் நீலமாக இருக்காது. அங்கே கடலடி மணலைத் தோண்டி வெள்ளீயம் எடுக்கிறார்கள், தண்ணீர் கலங்கியிருக்கும். கைப்பேசிக்குள் பாகங்களைப் பற்றவைக்கும் ஈயத்தில் பெரும்பகுதி வெள்ளீயம்தான். அழகான தீவுகளின் படங்களைச் சேமித்துவைக்கும் நம் கைப்பேசியில் இந்தக் கலங்கிய கடலும் கொஞ்சம் இருக்கலாம்.

பாங்காவிலிருந்து விரைவுப் படகில் சுமார் நான்கு மணி நேரம் பெலித்துங். யானை யானையாகக் கருங்கல் பாறைகள் கிடக்கும் கடற்கரை, 1882இல் கட்டிய கலங்கரை விளக்கம். இந்தத் தீவுக்குப் போகுமுன் எம்ஆர்டியில் ராஃபிள்ஸ் பிளேசில் இறங்கி ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்கு நடந்து போய்ப் பாருங்கள். சிங்கப்பூரர்களுக்கு நிரந்தரக் காட்சிக்கூடங்கள் இலவசம். 1998இல் பெலித்துங் கரையோரம் கடலட்டை தேடி மூழ்கியவர்கள் கண்டுபிடித்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலின் சரக்கு அங்கே இருக்கிறது. ஆணியே இல்லாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த அரபுவகைக் கப்பல். 60,000 பொருள்களுக்கு மேல், பெரும்பாலும் சீனக் கிண்ணங்கள். அவற்றை மேலே கொண்டுவந்தது ஒரு வணிக நிறுவனம், ஆய்வாளர்கள் அல்ல. அது முறையல்ல என்ற எதிர்ப்பால் 2011இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அந்தக் காட்சியை நடத்தாமல் விட்டது. அந்தத் தீவின் கடலடியில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் கிடந்த பொருள் நம்மூரில் குளிர்சாதன அறையில் இருக்கிறது. அந்தத் தீவு எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம்.

பிந்தானில் மூன்று இரவு, லிங்காவில் நான்கு, பாத்தாமில் ஒன்று, பாங்காவில் இரண்டு, பெலித்துங்கில் மூன்று. மொத்தம் 13 இரவு. பிறகு ஜகார்த்தா வழியாக வீடு. இது பிப்பி தீவை விட அழகா என்றால், படத்துக்கு இல்லை. கண்டிப்பாக மலிவும் இல்லை, விமானச் சீட்டு இரண்டு முறை வாங்கவேண்டியிருக்கிறது. ஒன்பது தீவுத் தோழி இன்னும் முழுதாகச் சம்மதிக்கவில்லை. பெலித்துங்கில் ஸ்னோர்கலிங் உண்டு என்ற ஒரே காரணத்துக்காக வருகிறாள். வரட்டும்.

வாடகை மோட்டார்சைக்கிள் பற்றி ஒரு வார்த்தை. தீவுகளில் கடப்பிதழைக் காட்டினால் ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். நம்மில் பெரும்பாலோரிடம் மோட்டார்சைக்கிள் உரிமம் கிடையாது. உரிமமின்றி ஓட்டி விழுந்தால் பெரும்பாலான பயணக் காப்புறுதிகள் ஒரு காசு தராது. மருத்துவமனைச் செலவு அப்பா அம்மா தலையில் விழும். காப்புறுதி ஒப்பந்தத்தில் விலக்குகள் என்று ஒரு பகுதி இருக்கும். வேறு எதைப் படிக்காவிட்டாலும் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். எங்கள் திட்டத்தில் ஓட்டுநரோடு வண்டி. செலவை நாலாகப் பிரித்தால் தாங்கும்.

இவ்வளவையும் தீர்மானித்த பிறகு மிச்சமிருந்தது வீட்டில் அனுமதி. அதுதான் உண்மையான கடல். "ரெண்டு வாரமா? பொம்பளைப் புள்ளைங்க நாலு பேர் தனியாவா?" அம்மா கேட்டது இதுதான். அண்ணன் தேசிய சேவை முடித்த மாதமே நண்பர்களோடு பாத்தாம் போனான். திரும்பி வரும்போது என்ன வாங்கி வருவாய் என்பது மட்டுமே அவனிடம் கேட்கப்பட்டது. இந்த வேறுபாடு எனக்கு எரிச்சலைத் தந்தது. இன்னும் தருகிறது. பாதுகாப்பைப் பற்றிய கவலை உண்மையானதாக இருந்தால், அது பிள்ளைகள் இருவருக்கும் உரியது. கடல் ஆணா பெண்ணா என்று பார்த்துப் படகைக் கவிழ்ப்பதில்லை.

ஆனாலும் அம்மா ஒன்று கேட்டார்: பாட்டிக்கும் புரிகிற மாதிரி எல்லாவற்றையும் தமிழில் எழுதிக் கொடு. எங்கள் அட்டவணை ஆங்கிலத்தில் இருந்தது. 'டிரான்ஸ்ஃபர்' என்று ஒரு கட்டத்தில் ஒரே சொல்லாக இருந்ததைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது ஆறு வரி ஆனது. முதல் படகு எத்தனை மணிக்குக் கிளம்பும், யார் ஓட்டுகிறார்கள், உயிர்காப்பு மேலாடை எல்லாருக்கும் இருக்குமா, எந்தத் துறையில் இறங்குவோம், அடுத்த படகு எப்போது, அது போய்விட்டால் அந்த இரவு எங்கே படுப்போம். ஆங்கிலத்தில் அந்தச் சொல் எங்கள் எல்லாருக்கும் புரிந்ததுபோல் இருந்தது. தமிழில் பாட்டிக்குச் சொல்லும்போது, புரியாததை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. 'ஃபிளெக்சிபிள்' என்ற இடத்தில் 'அன்று என்ன செய்வோம் என்று அன்றுதான் தெரியும்' என்று எழுதினேன். பாட்டி அதைப் படித்துவிட்டுத் தலையாட்டினார். அந்த நாள் அவருக்குப் பிடித்திருந்தது.

வீட்டில் இருமொழிக் கல்வியால் என்ன பயன் என்று யாராவது கேட்டால் இனி இந்த இரண்டு தாளைக் காட்டுவேன். நீங்களும் உங்கள் திட்டத்தை ஒருமுறை தமிழில், வீட்டுப் பெரியவருக்குச் சொல்வதுபோல் எழுதிப் பாருங்கள். எந்த இடத்தில் பேனா நிற்கிறதோ, அந்த இடத்துக்குத் தொலைபேசி அழைத்து விசாரியுங்கள்.

எங்களுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. அண்ணன் ஜூலையில் நண்பர்களோடு புக்கெட் போகிறானாம், ஏழு நாளில் ஐந்து தீவு, நல்ல தள்ளுபடி. அம்மா இந்த முறை அவனிடமும் தமிழில் ஒரு தாள் கேட்டிருக்கிறார். முதல் கேள்வியைப் பாட்டி சொல்ல, நான் எழுதிக் கொடுத்தேன்: ஜூலையில் அங்கே எந்தக் காற்று? மூன்று வாரமாகிறது. தாள் இன்னும் வரவில்லை.